காலி அரங்கின் காற்று

காலை ஏழு மணிக்கு அரங்கின் கதவைத் திறந்ததும் சுவரிலிருந்த மீட்டரைத்தான் அவள் முதலில் பார்த்தாள். நானூற்று இருபது காட்ட வேண்டிய மீட்டர் ஆயிரத்து நூற்று நாற்பது காட்டியது.

அந்த எண் காற்றிலுள்ள கரியமில வாயுவின் அளவு. திறந்தவெளியில் நானூற்று இருபதையொட்டியே நிற்கும். மூடிய இடத்தில் ஆட்கள் கூடி மூச்சுவிட மூச்சுவிட ஏறும், அவர்கள் எழுந்து போனபின் ராத்திரியோடு ராத்திரியாக இறங்கிவிடும். முந்தின நாள் மாலை ஐந்தரைக்கு அவளே கதவைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். உள்ளே மூச்சுவிட ஈ காக்கை கிடையாது. அறுநூற்று நாற்பது நாற்காலிகளில் அறுநூற்று நாற்பது தகர உருளைகள்தான் உட்கார்ந்திருந்தன.

காற்றோட்டம் சோதிக்கிறவர்களின் வழக்கம் அது. கூட்டம் நிறைந்தால் அரங்கு புழுங்குமா என்று பார்க்க நிஜ ஆட்களைப் பிடித்துவந்து மணிக்கணக்கில் உட்காரவைக்க முடியாது, யார் வருவார்கள்? அதனால் நாற்காலிக்கு ஒன்றாகத் தகர உருளை வைத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குண்டு பல்பை எரியவிடுவார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதன் எவ்வளவு சூடு விடுவானோ அவ்வளவு சூடு. மூச்சு கிடையாது. "நல்ல கூட்டம் மேடம். என்ன, கைதட்டத்தான் மாட்டேங்குது," என்று பல்பு மாட்டிய எலக்ட்ரீஷியன் முதல் நாளே சொல்லியிருந்தான். அவளுக்குக் 'காத்து மேடம்' என்று பெயர் வைத்ததும் அவன்தான்.

மீட்டர் பொய் சொல்கிறது என்று நினைத்துப் பையிலிருந்த கைமீட்டரை எடுத்தாள். அதுவும் ஆயிரத்து நூற்று முப்பத்தெட்டு என்றது. வெளியே போய்ப் புல்லில் நின்றாள். இரண்டு நிமிடத்தில் நானூற்று இருபத்தொன்றுக்கு இறங்கியது. திரும்ப உள்ளே வந்தாள். ஏறியது.

அப்போதுதான் வாடை உறைத்தது. புதுக் கட்டடத்துக்கென்று ஒரு வாடை உண்டு: பெயிண்ட், வார்னிஷ், கம்பளத்தின் அடியில் பூசிய பசை, முழுக்கக் காயாத சிமெண்ட். நேற்று மாலைவரை அதுதான் இருந்தது. இப்போது அதற்கு அடியில் வேறொன்று கிடந்தது; மழைநாளில் ஜன்னல் சாத்திய பஸ்ஸில் இருப்பது, மத்தியானக் கடைசிப் பாடவேளையில் வகுப்பறையில் இருப்பது, ஈரத்துணியும் தலைமுடியும் நெடுநேரம் பேசாமலிருந்த வாயும் கலந்து வருகிற ஒரு வெதுவெதுப்பு. பதினாறு வருடமாகக் காற்றை அளந்து பிழைக்கிறவளுக்கு அது தெரியாத வாடை இல்லை. நிறைந்த அரங்கின் வாடை அது. அவள் கதவைச் சாத்தாமலேயே வெளியே வந்து நின்றுகொண்டாள்.

அரங்கைச் சுற்றி மைதானம் கிடந்தது. பூங்காவும் அதையொட்டிய பொருட்காட்சித் திடலும் சேர்ந்து நகரத்துக்கு நடுவில் ஏகப்பட்ட இடம். கோடையில் மூன்று வாரம் ராட்டினமும் பலூன் சுடும் கடைகளும் பஞ்சுமிட்டாயும் ஒலிபெருக்கிச் சத்தமுமாக அமளிதுமளிப்படும். மீதி நாற்பத்தொன்பது வாரம் பூட்டிக்கிடக்கும். இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே என்று நகராட்சிக்கு மனசு கேட்கவில்லை. வருடம் முழுக்கத் திறந்திருக்கிற மக்கள் நிகழ்ச்சி வளாகம் என்று திட்டம் போட்டார்கள். ராட்டினம் நின்ற இடத்தில் கூடம், கடைகள் இருந்த இடத்தில் நடைபாதை, திடலின் நட்டநடுவில் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர் வைத்த இந்த அரங்கு. குளிர்காலத்திலேயே திறப்புவிழா வைத்தால்தான் 'வருடம் முழுக்க' என்பது ஜனங்களுக்குப் புரியும் என்று திட்ட மேலாளர் சொன்னார். வாயைத் திறந்தால் விழா, மேடை, ரிப்பன் என்றே பேசுவதால் அவருக்கு ரிப்பன் என்றே பெயர்.

இன்னும் பதினைந்து நாளில் விழா. அன்றைக்கு மேடையில் பாடப்போகிற நாற்பது பிள்ளைகளில் அவள் மகளும் ஒருத்தி. ஒன்பது வயது, வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவார்கள். அரங்கின் காற்று ஆட்கள் உட்காரத் தகுந்தது என்று கையெழுத்துப் போட வேண்டியவள் அவள் அம்மாதான்.

திடலின் கேட் பக்கம் ஒரு சின்ன அறை. அதிலிருக்கிற பெண்ணை எல்லாரும் சாவி அக்கா என்பார்கள். ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்து, அவள் வருவதை நாலு வீடு தூரத்திலேயே சொல்லிவிடும்.

"அக்கா, நேத்து ராத்திரி யாராவது உள்ள போனாங்களா?"

"சாவி என் இடுப்புல இருக்கு. என்னைத் தாண்டி யாரு போவா?"

"நீங்க?"

"நானா? நல்லா கேட்டீங்க! பதினேழு வருஷமா பொருட்காட்சி முடிஞ்ச அன்னிக்குப் பூட்டினா அடுத்த கோடைக்குத்தான் திறப்பேன். நடுவுல ஒரு நாள் உள்ள கால் வெச்சதில்ல. நீங்கள்லாம் வந்தப்புறம்தான் குளிர்காலத்துல இந்தக் கதவத் திறக்கவே பழகியிருக்கேன்."

"ஏன், போகக்கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. மூணு வாரம் நமக்கு. அப்புறம் நமக்கில்ல. அவ்வளவுதான்."

"நமக்கில்லன்னா?"

சாவி அக்கா சிரித்தாள். "காலையில வேலி வழியா பார்ப்பேன் மேடம். புல்லு இடுப்பு உயரம் நிக்கும். அதுல அங்கங்க வரிவரியா படிஞ்சு கிடக்கும். நூறு இருநூறு பேரு உட்கார்ந்து எழுந்து போன மாதிரி. காத்துன்னு நினைச்சுப்பேன். நீங்கதானே காத்துக்காரங்க, நீங்க சொல்லுங்க."

அவள் அரங்குக்குத் திரும்பி நடந்தாள்.

அன்றைக்கு மூன்று மணிநேரம் எல்லா விசிறிகளையும் முழுவேகத்தில் ஓடவிட்டு அரங்கைக் கழுவியெடுத்தாள். எண் நானூற்று முப்பதுக்கு வந்தது. பிறகு விசிறிகளை நிறுத்தி, கதவுகளைப் பூட்டி, பின்வரிசைக்குப் பின்னாலிருந்த கண்ணாடிக் கட்டுப்பாட்டு அறைக்குள் எலக்ட்ரீஷியனோடு உட்கார்ந்துகொண்டாள். பத்தாவது நிமிடம் எண் நகரத் தொடங்கியது. நிதானமாக, இடைவிடாமல். எண் ஏறுகிற வேகத்தை வைத்து உள்ளே எத்தனை பேர் மூச்சுவிடுகிறார்கள் என்று சொல்லிவிடலாம். அவள் தொழிலில் அது வாய்ப்பாடு மாதிரி. போட்டுப் பார்த்தாள். நானூற்றுப் பத்துப் பேர். அடித்துவிட்டு மறுபடி போட்டாள். நானூற்றுப் பன்னிரண்டு.

"பல்பை எல்லாம் அணைங்க," என்றாள்.

அவன் மெயினை இறக்கினான். அறுநூற்று நாற்பது மஞ்சள் வெளிச்சமும் ஒன்றாக அவிந்தன. கண்ணாடிச் சுவர் வழியாக வந்த சாம்பல்நிறப் பகல் வெளிச்சத்தில் உருளைகள் வரிசை வரிசையாக, முதுகு காட்டி, மேடையைப் பார்த்து உட்கார்ந்திருந்தன. ஒரு மணிநேரம் காத்திருந்துவிட்டு அவள் இறங்கிப்போய்க் கடைசி வரிசையில் ஒன்றைத் தொட்டாள். ஆறியிருந்தது. பக்கத்தில் இருந்ததைத் தொட்டாள்.

சூடாக இருந்தது. அதற்கடுத்ததும். சுடுகிற சூடு இல்லை, காய்ச்சல் இல்லாத ஒரு நெற்றியைத் தொட்டால் இருக்கிற சூடு.

அப்போது நாற்காலிகள் முனகின. எல்லாம் இல்லை, இங்கே ஒன்று, அங்கே நாலு, முன்வரிசையில் ஏழெட்டு. பேச்சு நீண்டுகொண்டே போனால் கேட்டுக்கொண்டிருக்கிற கூட்டம் ஒருமுறை இடுப்பை நகர்த்தி உட்காருமே, அந்தச் சத்தம். ஒரு இரண்டு நொடி. பிறகு அமைதி.

எலக்ட்ரீஷியன் அவள் முகத்தைப் பார்த்தான். "புது மரம் மேடம். குளிருக்கு இழுத்துக்கும்." உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான். "ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்."

போனவன் அன்றைக்குத் திரும்பவில்லை. அடுத்த நாளிலிருந்து நடைபாதை விளக்குகளுக்கு வயர் இழுக்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். எவ்வளவு கூப்பிட்டும் அரங்கின் வாசற்படிக்கு மேல் வரவில்லை.

மறுநாள் கணக்கில் ஐந்நூற்று முப்பது பேர் வந்தது. அதற்கு மறுநாள் அறுநூற்று நாற்பது. அதற்குப் பிறகு ஏறவில்லை. அதற்கு மேல் நாற்காலி இல்லை.

பயந்தாள். கையெல்லாம் வேர்த்து, வீட்டுக்குப் போய் வெந்நீரில் குளித்து, கணவனிடம் சொல்லலாமா என்று யோசித்து, சொன்னால் சிரிப்பான் என்று விட்டாள். அந்தப் பயத்தைப் பிற்பாடு அவள் ஏக்கத்தோடு நினைத்துக்கொண்டாள். ஏனென்றால் அதுதான் அவள் கடைசியாக நன்றாக உணர்ந்த ஒன்று.

முதலில் காபி. காலையில் ஒரு வாய் குடித்தாள், சர்க்கரை போட மறந்துவிட்டோம் என்று நினைத்துப் போட்டாள், மறுபடி போட்டாள். நாக்கில் சூடு மட்டும் இருந்தது. இரண்டு நாளில் சூடும் போய்விட்டது. அடுப்பிலிருந்து பாத்திரத்தைத் துணியில்லாமல் இறக்கி மேடையில் வைத்தபின், உள்ளங்கையில் கொப்புளம் எழும்புவதை அடுத்தவர் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூடிய இடத்தில் கெட்ட காற்றைச் சுவாசித்தால் தலை கனக்கும், மந்தம் தட்டும்; இது அவளே ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிற பாடம். வெளியே வந்தால் அரைமணியில் தெளிந்துவிடும் என்பதும் அதே பாடத்தில்தான் இருக்கிறது. அவளுக்குத் தெளியவில்லை.

சனிக்கிழமை மாலை சிட்டு வாசலில் சைக்கிளிலிருந்து விழுந்தாள். முழங்கால் கிழிந்து, காலுறை சிவந்து, "அம்மா!" என்று வீறிட்டாள். அவள் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். ரத்தம் எந்தப் பக்கமாக வழிகிறது என்று கவனித்தாள். குழந்தை அழுகையினூடே இழுத்து இழுத்து மூச்செடுப்பதை எண்ணினாள். உள்ளேயிருந்து கணவன் ஓடிவந்து பிள்ளையைத் தூக்கினான்.

"என்ன ஆச்சு உனக்கு? குழந்தை ரத்தம் ஒழுக உட்கார்ந்திருக்கா, நீ பாட்டுக்கு மரம் மாதிரி நிக்கிற!"

"ஒண்ணுமில்ல. அசந்துட்டேன்."

"லீவு போடு. அந்த வேலை உன்னைத் தின்னுது."

அன்று சிட்டு தூங்கியபின் அவள் கட்டிலருகே உட்கார்ந்து அந்த முகத்தைப் பார்த்தாள். பிறந்த அன்று பார்த்துப் பொங்கிப்பொங்கி அழுத முகம். நெற்றியில் கை வைத்தாள். இந்த இடத்தில் ஏதோ ஒன்று வர வேண்டும், எப்போதும் வரும். காத்திருந்தாள். மாடிப்படி இருட்டில் கடைசிப் படி இருக்கிறது என்று கால் வைத்து அது இல்லாமல் போவது மாதிரி இருந்தது. இதற்காவது பயப்பட வேண்டும் என்று தோன்றியது. கொஞ்சம் பயம் வந்தது. மிகக் கொஞ்சம்.

அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை ரிப்பனிடம் போனாள்.

"சார், விழாவை ஒரு மாசம் தள்ளுங்க. அரங்கைத் திறந்து போட்டு, யாரும் உள்ள போகாம வெச்சுப் பார்க்கணும்."

"என்னம்மா நீ! அழைப்பிதழ் அச்சாகி ஊரெல்லாம் போயாச்சு. என்ன பிரச்சினை, விசிறி ஓடலையா?"

"ஓடுது."

"அப்புறம்?"

"அரங்கு காலியாக மாட்டேங்குது சார்."

அவர் கையிலிருந்த கோப்பை மூடினார். "அதுக்குத்தானேம்மா கட்டினோம்," என்று சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். "மீட்டரைச் சரிபண்ணு. ஞாயித்துக்கிழமைக்குள்ள சான்றிதழ் என் மேசையில இருக்கணும்."

மீட்டரைச் சரிபண்ண ஒரு வழி இருந்தது. அந்த மாதிரி மீட்டர்களில் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று உண்டு. உலகத்தில் எந்த அரங்கும் வாரத்தில் ஒருமுறையாவது, ஏதாவது ஒரு ராத்திரியில், முழுக்கக் காலியாகும். ஆகவே ஏழு நாளில் கண்ட ஆகக்குறைந்த அளவையே வெளிக்காற்று என்று எடுத்துக்கொள், நானூற்று இருபது என்று வைத்துக்கொள், என்று அதற்குச் சொல்லிவைத்திருப்பார்கள். நிஜமாகவே காலியாகிற இடத்தில் அது அருமையான ஏற்பாடு. காலியாகாத இடத்தில் அதைப் போட்டால், கெட்ட காற்றையே நல்ல காற்று என்று மீட்டர் கற்றுக்கொள்ளும். பிறகு எவ்வளவு கெட்டாலும் கத்தாது. விசிறிகள் அந்த மீட்டரைப் பார்த்துத்தான் ஓடுகின்றன. எண் ஏறினால் வேகம் ஏறும், நானூற்று இருபதில் தானே அடங்கி நின்றுவிடும். முதல் வருடம் படிக்கிறவனுக்குக்கூடத் தெரியும் இது.

விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, அந்த ஏற்பாட்டைப் போட்டுவிட்டாள்.

அந்த வாரம் லாரி வந்து தகர உருளைகளை ஏற்றிக்கொண்டு போனது. நாற்காலிகள் காலியாயின. வெளியே நடைபாதைக் கல் அறுக்கிற சத்தம் காதைத் துளைத்ததால் மத்தியானச் சாப்பாட்டை அவள் அரங்குக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். உள்ளே அமைதியாக இருந்தது. வெதுவெதுப்பாகவும். புதன்கிழமை டிபன் பெட்டியோடு வந்து, எட்டாவது வரிசைக்குள் நுழைந்து, பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கிக்கொண்டு மெல்ல நகர்ந்தாள். "கொஞ்சம் காலை ஒதுக்கிக்கோங்க," என்றாள். நாலைந்து நாற்காலி தாண்டினாள். "கொஞ்சம், கொஞ்சம் வழி." வரிசையின் மறுமுனைக்கு வந்தபின்தான் உட்கார இடம் கிடைக்கவில்லை என்பதும், யாரிடம் வழி கேட்டோம் என்பதும் சேர்ந்து உறைத்தன.

திரும்பிப் பார்த்தாள்.

நல்ல பகல் வெளிச்சம். காலி நாற்காலிகள். ஆள் இல்லாதபோது தாமாக மடங்கியிருக்க வேண்டிய இருக்கைகள் எல்லாம் விரிந்து தணிந்திருந்தன.

அவள் சுவரோரமாக நின்று சாப்பிட்டு முடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மீட்டர் நானூற்று இருபது காட்டியது. பச்சை விளக்கு. சான்றிதழில் கையெழுத்துப் போடும்போது தான் என்ன செய்கிறோம் என்று அவளுக்கு அட்சரம் பிசகாமல் தெரியும். தெரிவதற்கும் அதற்காகத் துடிப்பதற்கும் நடுவில் ஒரு கயிறு இருந்தது, இத்தனை வயதுவரை அது அறுந்ததில்லை, அதனால் அது இருந்ததே தெரியவில்லை. பேனாவை மூடி வைத்தாள்.

வீட்டில் சிட்டு பாட்டைப் பாடிப் பழகிக்கொண்டிருந்தாள். மூன்றாவது வரி நீளம்; மூச்சு முட்டி முகம் சிவந்துவிடும்.

"அம்மா, இங்க எங்க மூச்சு எடுக்கணும்?"

"நடுவுல எடு. யாருக்கும் தெரியாம, டக்குனு."

"நீ எங்க உட்காருவே? உன்னைப் பார்த்துப் பாடினா எனக்குப் பயமா இருக்காது."

"கடைசியில நிப்பேன்டா. என் வேலை அங்கதான்."

விழா காலை பதினோரு மணிக்கு. ஊரே வந்தது. வாய் திறந்தால் பல் கூசும் குளிரில் கம்பளிச் சட்டையும் தொப்பியுமாக, குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு, புது நடைபாதையில் காலைத் தட்டிக்கொண்டு வந்தார்கள். ரிப்பன் வெட்டிய பிறகு எல்லாரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். அறுநூற்று நாற்பது பேர். முதல் இரண்டு வரிசை பாடுகிற பிள்ளைகளுக்கு. கணவன் நடுவரிசையிலிருந்து திரும்பி அவளைத் தேடிக் கையசைத்தான். வேலைக்காரர்களுக்கு நாற்காலி கிடையாது; அவள் பின்பக்கக் கதவருகே மீட்டருக்குப் பக்கத்தில் நின்றாள். சாவி அக்காவைக் கூப்பிட்டுப் பார்த்தாள், அவள் கேட்டை விட்டு வரமாட்டேன் என்றுவிட்டாள்.

கதவுகள் சாத்தப்பட்டன.

மீட்டர் நானூற்று இருபது காட்டியது.

அறுநூற்று நாற்பது பேர் உள்ளே வந்தால் பத்து நிமிடத்தில் அந்த எண் ஏற வேண்டும். மீட்டர் ஏமாந்திருந்தாலும் ஏற வேண்டும். பத்து நிமிடம் ஆயிற்று. நானூற்று இருபது. ரிப்பன் பேசினார். இருபது நிமிடம். நானூற்று இருபது. தலைக்கு மேலே விசிறிகள் வேகம் குறைந்து, குறைந்து, ஒரு சின்ன முக்கலோடு நின்றன. அந்தச் சத்தம் இல்லாமல் போனதை யாரும் கவனிக்கவில்லை.

ஐந்தாவது வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். பக்கத்திலிருந்தவரும். கொட்டாவி வரிசையோடு நகர்ந்து அடுத்த வரிசைக்குத் தாவியது. தொப்பிகள் சாய்ந்தன. ஒரு கைக்குழந்தை சிணுங்கி, பாதியில் நிறுத்தியது. கணவனின் தலை மெல்லக் கவிழ்ந்தது.

கதவைத் திற.

அவளுக்குத் தெரிந்தது. கையை நீட்டினால் கைப்பிடி. ஒரு இழுப்பு. அதற்குப் பக்கத்திலேயே விசிறியின் சிவப்பு நெம்புகோல்.

கை தொங்கியது. அதை ஏன் தூக்க வேண்டும் என்று அது கேட்டது.

நாற்காலிகள் முனகின. எல்லாம். ஒன்றாக. கூட்டம் முழுதும் இடுப்பை ஒருமுறை நகர்த்தி உட்கார்ந்தது. கவிழ்ந்த தலைகள் நிமிர்ந்தன. அறுநூற்று நாற்பது கழுத்துகள் நேராக. கைகள் முழங்காலில். எல்லாக் கையும் ஒரே இடத்தில்.

பிள்ளைகள் வரிசையாக மேடையேறினார்கள். பாடினார்கள். பிசிறில்லாத பாட்டு. இருமல் இல்லை, கனைப்பு இல்லை. சிட்டு நடுவில் நின்றாள். மூன்றாவது வரி வந்தது. வந்தது, நீண்டது, முடிந்தது. நாலாவது வரிக்குள் போனது. ஐந்தாவது. நாற்பது வாய்களும் திறந்தே இருந்தன. ஒரு நெஞ்சும் ஏறி இறங்கவில்லை.

சிட்டு அவளைப் பார்க்கவில்லை.

பாட்டு முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். ஒரே நேரத்தில் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்தி, வரிசை வரிசையாக எழுந்து, தள்ளுமுள்ளு இல்லாமல் வெளியே நடந்தார்கள்.

வெளியே வெயில் இல்லாத வெள்ளை வெளிச்சம். கேட்டருகே சாவி அக்கா கைகளைக் குவித்து ஊதிக்கொண்டிருந்தாள். அவள் விரல்களுக்கிடையில் மூச்சு வெள்ளையாகப் புகைந்தது. நடைபாதை முழுக்க ஜனம் பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் வந்தது. சாவி அக்கா அவர்களை நிமிர்ந்து பார்த்தாள். ஊதுவதை நிறுத்தினாள். ஒரு எட்டு பின்னால் வைத்தாள், இன்னொரு எட்டு. பிறகு சாவிக்கொத்து குலுங்கக் குலுங்க ரோட்டைப் பார்த்து ஓடினாள்.

அந்தக் குளிரில், பேசுகிற அத்தனை வாயிலிருந்தும், ஒரு துளி ஆவி வரவில்லை.

"நல்லா பாடினா இல்ல?" என்றான் கணவன். உதடுகளுக்கு முன்னால் காற்று தெளிவாக இருந்தது.

"ம்," என்றாள் அவள். அவள் மூச்சு மட்டும் வெள்ளையாக எழுந்து கலைந்தது.

சிட்டு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "குளிருதும்மா. வீட்டுக்குப் போலாம்."

அவள் திரும்பி அரங்கைப் பார்த்தாள். கதவுகள் தாமாகச் சாத்திக்கொண்டிருந்தன. கண்ணாடிச் சுவர் உள்பக்கமாக வெளுத்துப்போயிருந்தது. ஒரேயடியாக இல்லை, புள்ளி புள்ளியாக. முகம் முகமாக. ஆள் உயரத்தில், தோள் உயரத்தில், அதற்கும் கீழே. கண்ணாடியோடு வாயை ஒட்டி வைத்து மூச்சுவிட்டால் படியுமே, அந்தப் படிவு, நூற்றுக்கணக்கில், சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. தோன்றி மறைந்தன. தோன்றி மறைந்தன. சில அவசரமாக.

இடுப்பு உயரத்தில் ஒன்று. சின்னது. அதற்குப் பக்கத்தில் ஐந்து விரல்கள் பதிந்து, கண்ணாடியில் தட்டின. சத்தம் வெளியே வரவில்லை. நல்ல கனமான கண்ணாடி.

கதவுக்கு இருபது அடி. சிவப்பு நெம்புகோல் எந்தப் பக்கம் என்று தெரியும். ஓட வேண்டும் என்று தெரியும்.

"அம்மா, போலாம்," என்றது, அவள் கையைப் பிடித்திருந்த அது.

"சரி, வா."

காரை நோக்கி நடக்கும்போது ஒருமுறை மட்டும் திரும்பிப் பார்த்தாள். அந்தச் சின்ன வெண்மை இன்னும் வந்துகொண்டிருந்தது. வந்தது, மறைந்தது. வந்தது. ஒவ்வொரு முறையும் முன்னைவிடக் கொஞ்சம் சிறிதாக.